பிக்கலில்லி மாப்பிள்ளை

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் யாரும் கொடியில் துணி காயப்போட மாட்டார்கள். யாரும் சொல்லி வைப்பதில்லை. டெரெக் ஃபாசெட் வீட்டுச் சமையலறை ஜன்னல் அகலத் திறந்திருந்தால் போதும், உள்ளே பெரிய பாத்திரத்தில் வினிகர் கொதிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு வருஷம் புதிதாகக் குடிவந்த ஒருவர் விவரம் தெரியாமல் அன்றைக்குக் காயப்போட்ட சட்டையோடு மறுவாரம் சர்ச்சுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பிரசங்கம் முழுக்கப் பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு உருக்கமாக அவர் பேசியதே இல்லை என்று ஊர் சொல்லிக்கொண்டது.

டெரெக் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். பஸ் டிரைவர். வட இங்கிலாந்தில் எங்கள் ஊரான ஸ்கெல்பெக்கிலிருந்து மேட்டு ஊர்களுக்கு ஏறி இறங்கும் வண்டி அவருடையது. ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். தலையில் முடி சொற்பம், மனதில் குறை அதைவிடச் சொற்பம். கட்சி, மதம், கால்பந்து எதிலும் அவருக்கு உறுதியான கருத்து கிடையாது. யார்க்‌ஷையரில் பிறந்தவர் கருத்தில்லாமல் இருக்க முடியாது என்பதால் மொத்தத்தையும் சேர்த்து ஒரே இடத்தில் வைத்திருந்தார்: பிக்கலில்லி என்னும் ஊறுகாய்.

காலிஃபிளவர், சின்ன வெங்காயம், வெள்ளரிப் பிஞ்சு, பீன்ஸ் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி ராத்திரி முழுக்க உப்பில் போட வேண்டும். மறுநாள் கடுகுப் பொடியும் மஞ்சளும் இஞ்சியும் கரைத்த வினிகரில் கொதிக்கவிட்டுக் கெட்டியானதும் ஜாடியில் அடைக்க வேண்டும். அதற்கப்புறம் இலையெல்லாம் உதிரும்வரை அந்த அலமாரிப் பக்கமே போகாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கடினமானது என்பார் டெரெக். எங்கள் ஊரில் வானம் சாம்பல், கல் சாம்பல், குன்று சாம்பல், குன்றின் மேல் மேயும் ஆடும் சாம்பல். ஆண்டவன் எங்களுக்கென்று ஒதுக்கிய மஞ்சள் மொத்தமும் அந்த ஜாடிக்குள் இருக்கிறது.

நம்மில் பலர் சாப்பாட்டுக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்வோம். டெரெக் ஊறுகாய்க்குச் சாப்பாட்டைத் தொட்டுக்கொண்டார். அதிலும் கண்டபடி அல்ல. சாஸ்திரம் இருந்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு உபதேசமே செய்திருக்கிறார்.

"ரொட்டி நடுவுல பன்றித் தொடை வெச்சு சாப்பிடறியா? வெண்ணெயை ஓரம் வரைக்கும் இழுத்துத் தடவணும். வெண்ணெய்தான்யா அணை. அணை இல்லைன்னா மத்தியானத்துக்குள்ள ரொட்டி நனைஞ்சு ஈரத்துணி மாதிரி தொங்கும்."

"சரி. ரொட்டி மேல பாலாடைக்கட்டி உருக்கினா?"

"பாலாடைக்கட்டிக்கு அடியில பிக்கலில்லி. மேல வெச்சா தீய்ஞ்சு போகும். அடியில இருந்தா போர்வைக்குள்ள படுத்திருக்கற மாதிரி இதமா சூடாகும். அவிச்ச முட்டைன்னா பக்கத்துல ஒரு கரண்டி. ஞாயித்துக்கிழமை சுட்ட மாட்டுக்கறியில மிச்சம் திங்கக்கிழமைக்கு இருக்குமில்ல, அந்த ஆறின கறிக்குத்தான் இது பொறந்ததே. மசிச்ச உருளைக்கிழங்குல கிளறினாலும் தப்பில்ல. மீன் வறுவலுக்கு? யோசிச்சுட்டிருக்கேன். முடிவு பண்ணல."

"சூடா கிரேவி ஊத்தின கறிக்கு?"

டெரெக்கின் முகம் மாறிவிட்டது. "கிரேவி ஓடற தட்டுல பிக்கலில்லியை வைக்கறவன் எதுக்கும் துணிஞ்சவன்யா. அவன்கிட்ட வீட்டுச் சாவியைக் கொடுத்துடாத."

இந்த மனிதருக்குத்தான் காதல் வந்தது.

தெல்மா க்ரௌதர் கம்பளி நூல் கடையில் வேலை பார்ப்பவர். டெரெக்கைவிட இரண்டொரு வயது இளையவர், குரல் மட்டும் இன்னும் இளையது. ஒருநாள் பஸ் கடைசி நிறுத்தத்தில் பனியில் மாட்டிக்கொள்ள, வண்டியில் இவர்கள் இரண்டு பேர்தான். டெரெக் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அது என்ன மஞ்சளாக என்று தெல்மா கேட்டார். டெரெக் சொன்னார். அதோடு நிற்காமல் பாதி ரொட்டியை எடுத்து நீட்டினார். டெரெக் தன் டப்பாவிலிருந்து இன்னொரு ஆளுக்கு எடுத்துக் கொடுத்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் இதற்கு மேல் காதல் கடிதமெல்லாம் எழுதுவதில்லை.

வசந்தம் வந்தது, கோடை வந்தது, கல்யாணப் பேச்சும் வந்தது. கூடவே தெல்மாவின் அப்பாவும் வந்தார்.

வால்ட்டர் க்ரௌதர் ஊரில் பெரிய இறைச்சிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய போர்க் பைக்கு நான்கு பள்ளத்தாக்கிலும் பேர் உண்டு. கெட்டியான மாவுக் கூட்டுக்குள் மிளகு போட்ட பன்றிக்கறியை அடைத்துச் சுட்டு, மூடியில் ஒரு துளை வழியாக எலும்புச் சாற்றை ஊற்றி உறையவைத்து, ஆறிய பிறகு வெட்டிச் சாப்பிடும் பண்டம். கடையை விற்றுவிட்டாலும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் தன் வீட்டு அடுப்பில் தானே செய்வார். அவருக்கும் ஒரே ஒரு கொள்கைதான். அந்தக் கடைக்குப் போன யாரும் அதைக் கேட்காமல் திரும்பியதில்லை.

"போர்க் பைக்கு ஊறுகா கேக்கறவன், கறி சரியில்லன்னு சொல்றான். கறி சரியில்லன்னு சொல்றவன், என்னைத் திருடன்னு சொல்றான். அவனுக்கு என் கடைல வேலையில்ல."

இப்படிப்பட்டவருக்கு இப்படிப்பட்ட மாப்பிள்ளை. நம் பக்கத்தில் ஜாதகம் பார்த்திருந்தால் பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூடத் தேறியிருக்காது.

தெல்மா ஐம்பதைத் தொட்ட பெண். அப்பா சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை. ஆனால் தெல்மாவுக்குத் தேவைப்பட்டது. "அவர் உன்னை மேஜையில உக்காரவெச்சு, சாப்பிடவெச்சு, சரின்னு சொல்லணும் டெரெக். அவர் சொல்லாம நான் சர்ச் படி ஏற மாட்டேன். மனசுக்குள்ள ஒரு முள்ளோட எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாலைத் தேநீர் விருந்துக்கு டெரெக் அழைக்கப்பட்டார். முந்தின நாள் தெல்மா அவரிடம் சத்தியம் வாங்கினார்.

"ஜாடி கொண்டுவரக் கூடாது. அந்தப் பேரையே எடுக்கக் கூடாது."

"ஆறின வான்கோழி, ஆறின பன்றித் தொடை, போர்க் பை, எல்லாம் ஒரே மேஜைல இருக்கும். பேரைக்கூட எடுக்கக் கூடாதா?"

"கூடாது."

"நினைக்கலாமா?"

"முகத்துல தெரியாம நினைச்சுக்க."

அன்றைக்கு நான் அங்கே இல்லை. ஆனால் வால்ட்டரின் தங்கை ஐவி இருந்தார். ஐவி ஓர் இடத்தில் இருந்தால் ஊரே அங்கே இருந்த மாதிரி. அவருடைய கணவர் சிட்னியும் இருந்தார். ஆனால் சிட்னி ஓர் இடத்தில் இருந்தார் என்பதற்கு ஐவி சொல்வதைத் தவிர வேறு சாட்சி கிடைக்காது.

வால்ட்டருக்கு ஒரு வாரமாகக் கடும் ஜலதோஷம். மூக்கு பழுத்த தக்காளி மாதிரி இருந்தது. தலைமாட்டு நாற்காலியில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து டெரெக்குக்குக் கை கொடுத்தார்.

"வாங்க, மிஸ்டர் ஃபாசெட். உக்காருங்க."

எங்கள் ஊரில் 'மிஸ்டர்' என்பது மரியாதை அல்ல, தூரம். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சங்கிலியை மாட்டி வைப்பது போல.

போர்க் பை நடுவில் வந்தது. வால்ட்டர் தன் கையால் வெட்டி ஒவ்வொரு தட்டிலும் வைத்தார். தனக்கும் ஒரு துண்டு வைத்துக்கொண்டு ஒரு வாய் மென்றார். முகத்தில் சலனமில்லை.

"எனக்கு நாக்கு மரத்துப்போச்சு. காகிதத்தைத் தின்னாலும் ஒண்ணுதான், இதைத் தின்னாலும் ஒண்ணுதான். நீங்கதான் சொல்லணும். ஐவி, எப்படி இருக்கு?"

ஐவி மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு, "மென்மையா இருக்கு வால்ட்டர்," என்றார்.

"சிட்னி?"

"அடக்கமா இருக்கு," என்றார் சிட்னி. அந்த வருஷம் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் என்று ஐவி பிற்பாடு சொன்னார்.

"தெல்மா?"

"மேல்மாவு அருமையா வந்திருக்குப்பா."

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் எல்லோரும் பாராட்டினார்கள் என்று நினைப்பார்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு உடம்பு சில்லிடும். இங்கே சாப்பாடு நன்றாக இருந்தால் யாரும் எதுவும் சொல்லாமல் இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டுவார்கள். 'மென்மை' என்று ஒருவர் சொன்னால் பண்டத்தில் ஏதோ கோளாறு. 'வித்தியாசம்' என்று சொன்னால் அடுப்படி தீப்பிடித்து எரிகிறது. மேல்மாவைப் பாராட்டினால் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

டெரெக் ஒரு வாய் வைத்தார். அப்போதுதான் அவருக்கும் புரிந்தது. கறியில் ஒரு கல் உப்பு இல்லை. மிளகு இருந்தது, கறி நல்ல கறி, மாவு நல்ல மாவு. உப்பு மட்டும் போடவே இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் சொல்வோம். அங்கே அதை வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வைத்துப் புன்னகையோடு மென்றுகொண்டிருந்தார்கள்.

"மீதி எல்லாம் கிடங்கறைல அடுக்கி வெச்சிருக்கேன்," என்றார் வால்ட்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நாளைக்கு நம்ம ஊர் பேண்டு வாத்தியக்காரங்க விருந்து இல்லையா. அடுத்த பள்ளத்தாக்கு பேண்டையும் கூப்பிட்டிருக்கோம். அதுல டிராம்போன் ஊதறவனும் இறைச்சிக் கடைக்காரன்தான். அவனுக்குப் பெரிய துண்டா வைக்கச் சொல்லியிருக்கேன்."

மேஜையில் எல்லோருடைய வாயும் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி மென்றது.

வால்ட்டர் திரும்பினார். "மிஸ்டர் ஃபாசெட். நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

தெல்மா மேஜைக்கு அடியில் டெரெக்கின் காலை மிதித்தார். டெரெக்குக்கு அந்த மிதியின் பொருள் தெளிவாகத் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் தெல்மா அவருக்கு. ஆனால் நாளைக்கு இந்நேரம் இந்தக் கிழவரின் பேர் இரண்டு பள்ளத்தாக்கிலும் சிரிப்பாய்ச் சிரிக்கும், ஒரு டிராம்போன் அதற்குத் தாளம் போடும். உண்மையைச் சொன்னால் கிழவரின் மானம் தப்பும், தெல்மா போய்விடுவார். மலைப்பாதையில் எத்தனையோ வளைவுகளைப் பார்த்த டிரைவருக்கு இந்த வளைவு புதிது.

உப்பில்லை என்று நேராகச் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். ஒரு வீட்டு மேஜையில் உட்கார்ந்து, வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து, சமையலில் குறை சொல்வதா? ஸ்கெல்பெக்கில் அப்படி ஒருவர் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. வேறு வழியாகத்தான் வரவேண்டும். டெரெக்குக்குத் தெரிந்த வேறு வழி ஒன்றே ஒன்று.

தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் பிக்கலில்லி இருந்தா நல்லா இருக்கும், மிஸ்டர் க்ரௌதர்."

ஐவியின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. தெல்மா கண்ணை மூடிக்கொண்டார். வால்ட்டரின் மூக்கில் இருந்த சிவப்பு மெல்லக் காது வரைக்கும் பரவியது.

"என் வீட்டுல. என் மேஜைல. என் போர்க் பைக்கு."

"ஆமாங்க."

"அப்படிக் கேட்டா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியுங்க. தெரிஞ்சுதான் கேட்டேன்."

வால்ட்டர் கத்தப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. டெரெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஐவியைப் பார்த்தார். ஐவி ஜன்னலைப் பார்த்தார். சிட்னியைப் பார்த்தார். சிட்னி தன் மடியைப் பார்த்தார்.

"ஐவி. 'மென்மை'ன்னா என்ன?"

"அது வந்து வால்ட்டர்..."

வால்ட்டர் எழுந்து கிடங்கறைக்குப் போனார். உள்ளே பாத்திரங்கள் நகரும் சத்தம். பிறகு சத்தமில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு கிண்ணம். அதன் மேல் ஒரு துணி. துணியை எடுத்தார். அளந்து வைத்த உப்பு, அளந்தபடியே, கும்பாரமாக இருந்தது.

"கறியைப் பிசையறதுக்கு முன்னாடி அளந்து மூடி வெச்சேன்," என்றார் மெதுவாக. "வழக்கமா ஒரு துண்டு வறுத்து ருசி பாப்பேன். பாத்தேன். இந்தப் பாழாப்போன மூக்கோட." கிண்ணத்தை மேஜையில் வைத்தார். "என் கூடப் பொறந்தவ பொய் சொன்னா. மச்சான் பொய் சொன்னான். பெத்த பொண்ணு மேல்மாவைப் புகழ்ந்தா. நாளைக்கு அந்த டிராம்போன்காரனுக்குப் பெரிய துண்டா வெச்சிருப்பேன்."

"உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான்ப்பா..."

"என் மனசு இருக்கட்டும். இனி மொத்தத்தையும் புதுசா செய்யக் கறியும் இல்ல, நேரமும் இல்ல. விருந்துக்கு வெறுங்கையோட போறதா?"

அப்போது தெல்மா எழுந்து போய்ச் சமையலறை அலமாரியைத் திறந்தார். மாவு டப்பாவை நகர்த்தி, அதற்குப் பின்னால் கையை விட்டு ஒரு ஜாடியை எடுத்தார். மஞ்சள் ஜாடி. முக்கால்வாசி காலி. அதைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார்.

டெரெக்குக்கு வாய் திறந்துவிட்டது. "நீ என்கிட்ட சத்தியம் வாங்கினியே!"

"கொண்டுவரக் கூடாதுன்னுதான் சொன்னேன். ஏற்கெனவே இங்க இருக்கறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"என் கூரைக்குக் கீழ," என்றார் வால்ட்டர். "மாவு டப்பாவுக்குப் பின்னாடி. எவ்வளவு நாளா?"

"இலையுதிர்காலத்திலிருந்துப்பா. ரொட்டி மேல பாலாடைக்கட்டி, அதுக்கு அடியில. மேல வெச்சா தீய்ஞ்சு போகும்."

டெரெக்கின் கண் பனித்தது என்று ஐவி சொல்கிறார். வினிகராக இருக்கலாம்.

வால்ட்டர் ஜாடியை விஷப் புட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனால் இறைச்சிக் கடைக்காரர் என்றைக்கும் கணக்குப் போடத் தெரிந்தவர். கறியில் உப்பில்லை, புளிப்பில்லை, கடுகின் காரமில்லை. இந்தப் பாழும் மஞ்சளில் மூன்றும் தேவைக்கு மேல். ஒரு கரண்டி எடுத்துப் போர்க் பைத் துண்டின் மேல் வைத்து வாயில் போட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கடுகு மேலே ஏறியது. வால்ட்டரின் கண்கள் விரிந்தன, நிரம்பின. தலை பின்னால் போனது. அவர் போட்ட தும்மலில் சிட்னி கிறிஸ்துமஸுக்காகத் தலையில் மாட்டியிருந்த காகிதத் தொப்பி பறந்து போய் வான்கோழி மேல் உட்கார்ந்தது. இன்னொரு தும்மல். இன்னொன்று. ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த மூக்கு, வெள்ளத்தில் மதகு திறந்தது போலத் திறந்துகொண்டது.

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார். மென்றார். இப்போது முகத்தில் சலனம் இருந்தது.

"இஞ்சி போட்டிருக்கீங்களா?"

"கொஞ்சம்."

"காலிஃபிளவர் நறுக்குனு இருக்கு."

"கொதிக்க விடற நேரத்துல இருக்கு அது."

வால்ட்டர் விழுங்கினார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"மோசமில்ல," என்றார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பட்டம் கிடையாது. போரில் ஜெயித்துத் திரும்பியவனுக்கே 'மோசமில்ல'தான். ஆனால் டெரெக் காத்திருந்த சொல் 'சரி'. அது வரவில்லை. விடைபெறும்போது வால்ட்டர், "நாளைக்கு உங்ககிட்ட இருக்கற ஜாடி எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, மிஸ்டர் ஃபாசெட்," என்றதோடு கதவைச் சாத்திக்கொண்டார். மிஸ்டர் அப்படியே இருந்தார்.

மறுநாள் பேண்டு கூடத்துக்கு டெரெக் ஆகஸ்டில் அடைத்த அத்தனையையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார். நானும் தூக்கினேன், அதனால் இதை ஐவி தயவில்லாமல் சொல்கிறேன். ஜாடிகளைப் பிரிய மனமில்லாமல் ஒவ்வொன்றையும் மேஜையில் வைத்துவிட்டு ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

வால்ட்டர் கரண்டியோடு மேஜைக்குப் பின்னால் நின்றார். மூக்கு சரியாகிவிட்டது. குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"இந்த வருஷம் டாக்டருங்க பேச்சைக் கேட்டு உப்பில்லாம செஞ்சிருக்கேன்! பிக்கலில்லியோட சாப்பிடறதுக்குன்னே பண்ணினது. தனியாச் சாப்பிடறவங்களுக்கு விவரம் பத்தாதுன்னு அர்த்தம்!"

நாற்பது வருஷக் கொள்கையை மனிதர் சட்டையை மாற்றுவது போல மாற்றினார். அரசியலுக்குப் போயிருக்க வேண்டியவர். டிராம்போன்காரர் பெரிய துண்டை வாங்கி, குவித்து வைத்த மஞ்சளோடு கடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மறுபடி நீட்டினார்.

வால்ட்டர் அதில் இன்னொரு துண்டும் மேலே ஒரு சிறு கரண்டி மஞ்சளும் வைத்தார். பக்கத்தில் நின்ற டெரெக்கால் பொறுக்க முடியவில்லை.

"அது போதாதுங்க. துண்டை ரெண்டாப் பிளந்து நடுவுல வைக்கணும். மேல வெச்சா வழியுது பாருங்க."

"வழியட்டும். நடுவுல வெச்சா எலும்புச் சாறு உருகிடும்."

"ஆறினது எப்படிங்க உருகும்?"

"நாற்பது வருஷம் கடை வெச்சிருந்தவன் நான்."

"கடைல பிக்கலில்லி வெச்சிருந்தீங்களா? வெக்கல. அப்ப கரண்டியை இப்படிக் குடுங்க."

"தரமாட்டேன். டேய், கையை எடுடா!"

"போதாதுன்னு சொல்றேன்ல, உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?"

"டேய் டெரெக், இன்னொரு கரண்டி வெச்சே, உன் தலைல கொட்டுவேன் மீதியை!"

கூடத்தின் அந்தக் கோடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தெல்மா நிமிர்ந்தார். அப்பா குரலைக் கேட்டார். மிஸ்டரைக் காணோம். டேய் வந்திருந்தது. எங்கள் ஊரில் வெளியாளிடம் யாரும் சண்டை போடுவதில்லை, மரியாதையாகவே இருந்து சாவடிப்பார்கள். சண்டையெல்லாம் வீட்டு ஆளோடு மட்டும்தான்.

தெல்மா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரலில் எந்தச் சனிக்கிழமை கூடம் காலியாக இருக்கிறது என்று பேண்டு செயலாளரிடம் கேட்கப் போனார்.